ஏழு கண்ட மூலிகையும் எட்டாவது மூட்டையும்

ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஏழு கண்ட வைத்தியர் வந்துவிட்டார்! முழங்கால் வலியா? அவரிடம் போ. முடி கொட்டுகிறதா? அவரிடம் போ. மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாயா? அடடே, உனக்குத்தான் முதல் வரிசை!

முகாம் நடந்தது மெயின் ரோட்டு மரச்சாமான் கடையின் இரண்டாவது மாடியில். விற்காத சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு, விலைச் சீட்டோடு வரிசையாகக் கிடந்தன. நோயாளிகள் அதில்தான் உட்கார்ந்து காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து சோபாவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடை முதலாளிக்குப் பல வருடமாக இருந்த தூக்கமின்மை அந்த வாரமே குணமானது. முகாமில் நிஜமாகவே குணமான ஒரே ஆள் அவர்தான்.

வைத்தியர் தலையில் இறகு வைத்த தொப்பி, கழுத்தில் விதை மாலை, காலில் மட்டும் பளபள ஷூ. பின்னால் கண்ணாடி அலமாரியில் ஏழு ஜாடிகள். பெரு நாட்டு மலைப் பட்டை. கொரியாவில் கை கால் முளைத்த வேர். ஆப்பிரிக்கப் பாலைவன நகவேர். ஆஸ்திரேலியக் காட்டு இலை. இப்படிக் கண்டத்துக்கு ஒன்று. கடைசி ஜாடியில் பனிக்கண்டத்து வெண்பாசி. ஏழு என்று போர்டு எழுதியாகிவிட்டதே, அண்டார்டிகாவை மட்டும் எப்படி விடுவது?

நோய் என்ன என்று அவர் கேட்கவே மாட்டார். ஒரு ஜாடியை நெஞ்சோடு அணைக்கச் சொல்வார். இன்னொரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். அந்தக் கையை அழுத்துவார். கை தொப்பென்று விழுந்தால் அந்த மூலிகை உங்களுக்கு ஒத்துவராது. இரும்பு மாதிரி நின்றால் அதுதான் உங்கள் மூலிகை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதற்கும் ஒரு ஜாடி இருந்தது.

இந்த வைத்தியருக்கு ஊரிலேயே பெரிய பக்தர் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் தவிர எதையும் நம்பாத மனுஷன். வைத்தியர் அழுத்தியபோது அவர் கை பனிக்கண்டத்து ஜாடிக்கு ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

"மாத்திரை இருக்கிற வீட்ல மூலிகை தங்காது" என்றார் வைத்தியர். டிரைவர் அன்றைக்கே இதய மாத்திரையை அட்டையோடு குப்பைக் கூடையில் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் மருமகள் அதை எடுத்துத் துடைத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதே மரச்சாமான் கடையில்தான் அவளுக்கு வேலை. மெத்தைக்கும் தலையணைக்கும் உறை தைப்பாள்.

பத்து நாளில் டிரைவருக்குக் கால் வீங்கியது. பழைய ஷூவுக்குள் பாதம் போகவில்லை. ரப்பர் செருப்புக்கு மாறினார். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினார்.

"மாமா, இது சரியில்ல. டாக்டர்ட்ட போலாம்."

"உனக்கென்னம்மா தெரியும்? விஷமெல்லாம் கீழ இறங்குதாம். ஐயா சொல்லிட்டாரு."

"கீழ இறங்கி எங்க போகும்?"

"செருப்பு வழியா போகும்! ஆளை விடு."

மகன் வெளியூர் வேலையில் இருந்தான். போனில் பேசிப் பார்த்தான். "உங்கப்பனுக்கே வண்டி ஓட்டக் கத்துத் தர்றியா?" என்று கேட்டு லைனைத் துண்டித்துவிட்டார் டிரைவர். இனி நயமாகப் பேசிப் பிரயோசனமில்லை என்று மருமகளுக்குப் புரிந்தது.

அடுத்த முறை அவர் முகாமுக்குக் கிளம்பியபோது அவளும் கூடவே போனாள். மாடிப்படியில் அவர் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு முறையும் சுவரில் மாட்டியிருந்த கட்டில் விளம்பரத்தைப் படிப்பது போல நடித்தார். ஒரே விளம்பரம்தான். மூன்று இடத்திலும் அதே கட்டில்.

மேலே நல்ல கூட்டம். வைத்தியர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். "என் மூலிகையோட சக்தி சுவரையே துளைக்கும்! அடுத்த ரூம்ல வச்சாலும் உங்க உடம்புக்குத் தெரியும்!"

மருமகள் கையைத் தூக்கினாள். "ஐயா, ஒரு சந்தேகம். பனிக்கண்டத்துல மூலிகை வளருதா? அங்க பனியும் பென்குயினும்தானே இருக்கு?"

வைத்தியர் புன்னகைத்தார். "அப்போ அந்தப் பென்குயின் நோயில்லாம இருக்கே, என்னத்த சாப்பிடுதுன்னு நினைக்கிறே, பொண்ணே?"

"மீனு."

கூட்டம் குபீரென்று சிரித்தது. வைத்தியரும் சிரித்தார். ஆனால் தொப்பி இறகு மட்டும் லேசாக நடுங்கியது.

டிரைவருக்கு மானம் போனது. "எதுக்கும்மா இங்க வந்து வாயாடறே? என் கை பொய் சொல்லுமா? ஊரே பாத்துச்சே!"

"சரி மாமா, உங்க கையே சொல்லட்டும். ஜாடியையெல்லாம் தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டிருவோம். உள்ள என்னன்னு யாருக்கும் தெரியாது. ஐயா உங்க வெண்பாசியக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சிட்டா மாத்திரைங்கிற வார்த்தையையே நான் பேச மாட்டேன். தப்பாயிட்டா இப்பவே டாக்டர்ட்ட வரணும். சம்மதமா?"

"சம்மதம்!" டிரைவர் தொடையைத் தட்டினார். "ஐயா, இவ வாயை அடைங்க!"

வைத்தியர் முகம் சுருங்கியது. "துணிக்குள்ள வச்சா மூலிகைக்கு மூச்சு முட்டும்..."

"என்னய்யா நீங்க?" டிரைவர் வெள்ளந்தியாகக் கேட்டார். "சுவரையே துளைக்கும்னு இப்பத்தானே சொன்னீங்க! துணி எம்மாத்திரம்?"

மடக்கியது மருமகள் இல்லை. நம்பர் ஒன் பக்தர்! இனி வைத்தியர் எந்தப் பக்கம் ஓடுவார்? சோபாக்கள் எல்லா வழியையும் அடைத்துக்கொண்டு கிடந்தன.

முழங்கால் வலிக்கு வந்திருந்த ஒரு குண்டு அம்மா நடுவராக எழுந்தாள். பெரிய கட்டில் ஒன்றின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் அவளும் மருமகளும் ஜாடிகளைத் தடித்த கறுப்பு உறைகளில் போட்டு முடிந்தார்கள். கலைத்தார்கள். வெளியே வந்தபோது எட்டு மூட்டை.

"எட்டு ஏது?" என்று கேட்டார் வைத்தியர்.

"உங்க காலி ஜாடி ஒண்ணு கிடந்துச்சு. அதுல நம்ம கடைச் சாமான் கொஞ்சம் அடைச்சிருக்கேன்" என்றாள் மருமகள். "உங்களுக்கென்ன, மூலிகைதான் பேசுமே."

மரச்சாமான் கடைச் சாமான் என்றால் என்ன நினைப்பீர்கள்? ஆணி, மரத்துண்டு, கீல். வைத்தியரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையையும் டிரைவரிடம் கொடுப்பதற்கு முன் தன் உள்ளங்கையில் ஒரு கணம் வைத்துப் பார்த்தார். காய்கறிக்காரர் கத்தரிக்காயைப் பார்ப்பது போல. வேர் கனக்கும், பட்டை கனக்கும். பாசிதானே ஜாடிகளிலேயே லேசு?

முதல் மூட்டை. டிரைவர் கை தொப்பென்று விழுந்தது. இரண்டாவது, தொப். மூன்றாவதும் நான்காவதும் தொப். ஐந்தாவது மூட்டை காற்று மாதிரி லேசாக இருந்தது. வைத்தியர் கண்கள் மின்னின. டிரைவர் நெஞ்சில் அதை வைத்து அழுத்தினார். கை இரும்பாக நின்றது.

"இதோ! வெண்பாசி! பனிக்கண்டமே பேசுது பாருங்க!"

கூட்டம் கை தட்டியது. டிரைவர் மருமகளைப் பார்த்து மீசையைத் தடவினார். குண்டு அம்மா முடிச்சை அவிழ்த்தாள். ஜாடியைத் திறந்தாள். உள்ளே விரல் விட்டு இழுத்தாள்.

மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு. பிதுங்கி வந்து, வெளியே வந்ததும் உப்பியது.

"ஐய! இது சோபாவுக்குள்ள வைக்கிற பஞ்சு!"

வைத்தியர் அசரவில்லை. "பஞ்சும் செடியில காய்க்கிறதுதானே!"

"இது ஃபோம்ங்க" என்றாள் மருமகள். "ஃபேக்டரில காய்க்குது."

குண்டு அம்மா விடவில்லை. மற்ற மூட்டைகளையும் அவிழ்த்தாள். வெண்பாசி இருந்தது இரண்டாவது மூட்டையில். டிரைவர் கை தொப்பென்று விழுந்ததே, அதே மூட்டை!

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"ஐயா, கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க சொல்றேன்."

வைத்தியர் நீட்டினார். டிரைவர் முழங்கைப் பக்கம் அழுத்தினார். கை அசையவில்லை. மணிக்கட்டுப் பக்கம் இரண்டு விரல் வைத்தார். கை தொப்பென்று விழுந்தது.

"அடப்பாவி!" மூச்சு வாங்கியபடி டிரைவர் கத்தினார். "கியர் ராடுய்யா இது! நுனியில பிடிச்சா சின்னப் பிள்ளையும் தள்ளும். அடியில பிடிச்சா நானே திணறுவேன். ஆயுசுக்கும் கியர் போட்டவன் நான், என் கையையே கியராக்கி ஓட்டிட்டியே!"

அப்புறம் அந்த மாடியைப் பார்க்க வேண்டுமே! சோபா சோபாவாக ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். "இங்க அமுக்கு... நிக்குதா? இப்ப இங்க... பாத்தியா, பாத்தியா!" அந்தச் சந்தடியில் வைத்தியர் பின்படி வழியாக நழுவினார். தொப்பி கட்டிலில் கிடந்தது. இறகைக் கூர்ந்து பார்த்தால் கோழி.

டிரைவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "வண்டி கூப்பிடும்மா" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். வீக்கம் வடிந்தது. டாக்டர் திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். மாத்திரை பழையபடி ஆரம்பமானது.

வீட்டுக்கு வந்த அன்று மருமகள் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தாள். "மாமா, இந்த மாத்திரை எதுல இருந்து வருதுன்னு டாக்டர்ட்ட கேட்டேன். ஒரு செடியோட இலையில இருந்தாம். ஐரோப்பாவுல அந்தச் செடி வகையைத்தான் நாட்டு வைத்தியத்துல உடம்பு வீக்கத்துக்குக் கஷாயம் வச்சுக் குடிச்சாங்களாம். அளவு கொஞ்சம் கூடினா ஆளையே கொன்னுருமாம். அப்புறம் சோதிச்சுப் பாத்து, எவ்வளவு கொடுக்கலாம்னு கண்டுபிடிச்சாங்களாம்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நான் குப்பையில போட்டது..."

"மூலிகைதான். நீங்க கும்பிட்டதுதான் வெறும் ஜாடி."

"இலைன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் மாமா. நீங்களும் கேக்கவே இல்லையே. எந்த ஊரு இலைன்னுதான் கேட்டீங்க. சோதிச்சது யாருன்னு கேட்டீங்களா?"

டிரைவர் மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த மாதம் அதே மாடிக்கு இன்னொருவர் வந்தார். காந்தப் படுக்கை வைத்தியராம். படுத்தால் போதுமாம், சர்க்கரை ஓடிவிடுமாம். மறுபடி கூட்டம். மறுபடி சோபா வியாபாரம். ஆனால் இந்த முறை மாடிப்படி அடியில் ஒரு நாற்காலி போட்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மருமகள் தைத்த கறுப்பு உறைகள் ஒரு கட்டு. மேலே ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்றை நீட்டினார்.

"மேல போறியாப்பா? போ, வேணாங்கல. ரெண்டு படுக்கையையும் இதால மூடிட்டு, எது காந்தம் எது வெறும் மெத்தைன்னு அவரைச் சொல்லச் சொல்லு. சொல்லிட்டா படுத்துக்கோ."

"இது தலையணை உறையாச்சே, படுக்கைக்கு எப்படிப் பத்தும்?" என்று ஒருவன் கேட்டான்.

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்லயே! கேள்வியெல்லாம் கேக்கறே. இதையே மேல போயும் கேளு."