தோளுக்குக் கீழே உடம்பில்லை

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. இத்தனையும் எதற்கென்று காணொலிக் கூட்டம் வந்த பிறகுதான் விளங்கிற்று. அக்கூட்டங்களில் 'திறம்பட' உரையாற்றுவது எப்படி என்று கற்பிக்கும் மாபெரும் தொண்டில் அடியேனும் ஒரு பயிற்றுநர்.

ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்தார் பஸ் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். நேரில் வந்து விசாரிக்க அதிகாரிகள் குழு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊருக்கு வரப் பஸ் இல்லை. எனவே கோரிக்கையைக் காணொலியில் விளக்கும்படி உத்தரவாயிற்று. விளக்குபவரைத் தயார்படுத்த நான் அனுப்பப்பட்டேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தேன். வழியில் செருப்பு அறுந்தது. வெறுங்கால் நடை உடம்புக்கு நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன்.

பேசவிருந்தவர் கல்பனா. மகளிர் குழுத் தலைவி, சாமை பயிரிடுகிறவர், நிறைமாத கர்ப்பிணி. சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார் கணவர் பிரகாஷ். என் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன்.

"ஒத்திகை பார்க்கலாமா?"

"இதுல ஒத்திகைக்கு இன்னா சார் இருக்குது? எழுந்து நின்னு வவுத்தக் காட்டுவேன். வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு எப்டி போறது, பஸ்ஸு வுடுங்கன்னு கேப்பேன். அவ்ளோதான்."

ஆடிப்போனேன். வரவேற்பு இல்லை, நன்றி இல்லை, ஒரு வரைபடம்கூட இல்லை. போதாக்குறைக்கு வயிறு! காணொலி இலக்கணப்படி மனிதனுக்குத் தோளுக்குக் கீழே உடம்பே கிடையாது.

"முகம் மட்டும் தெரிஞ்சா போதும்மா. அப்புறம், 'பிரச்சினை'ன்னு சொல்லக் கூடாது. 'வாய்ப்பு'ன்னு சொல்லணும்."

"நடுவழியில புள்ள பொறந்தா, அதுவும் வாய்ப்புங்களா?" என்றார் பிரகாஷ்.

"முன்னேற்ற வாய்ப்பு" என்று திருத்தினேன்.

கூட்டம் தொடங்கியது. கல்பனாவின் முகத்தில் வெளிச்சம் விழும்படி பிரகாஷ் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் குழுவினர் கட்டம் கட்டமாகக் காட்சி தந்தார்கள். ஒருவர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

"மதிப்பிற்குரிய குழுவினரே, எங்கள் போக்குவரத்து வாய்ப்புகளைப் பகிர்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்று ஆரம்பித்த கல்பனா, சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம்!" என்றார் குழுத் தலைவர். "படம் தெளிவு, குரல் தெளிவு. டவுன்காரங்களே இப்படிப் பேச மாட்டாங்க. இவ்வளவு வசதி இருக்கும்போது இந்தம்மா எதுக்கு வெளியே அலையணும்? டாக்டரையும் இதிலேயே பார்த்துக்கலாமே. பஸ் தேவைப்படலைன்னு முடிச்சிடலாம்."

கல்பனா பாறையில் கையூன்றி எழுந்தார்.

"இன்னா சார் பேசுறீங்க? புள்ளைய இந்தப் பொட்டிக்குள்ளயா பெத்துக்கறது? பாருங்க சார், இந்த வவுத்தப் பாருங்க!"

உணர்ச்சிவசப்படும் உரையாளரைக் காப்பாற்றுவது பயிற்றுநரின் கடமை. 'இன்னா' வந்தபோதே ஒலியை அணைத்துவிட்டேன். வயிறு வருவதற்குள் கேமராவையும். வெறும் கறுப்புத் திரை மரியாதையாக இருக்காதே என்று, ஒத்திகையில் நான் எடுத்த கல்பனாவின் சிரித்த படம் ஒன்றை அங்கே வைத்தேன். தலைவர் அந்தப் படத்துக்குக் கைகூப்பி விடைபெற்றார்.

பிரகாஷ் தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"இவ கத்துனது அவங்களுக்குக் கேக்கலீங்களா சார்?"

"இல்லைங்க."

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

நான் மடிக்கணினியை மூடினேன். கைபேசிக்குக் குழுவின் கூட்டக் குறிப்பு வந்தது: 'பயனாளி முடிவைப் புன்னகையுடன் ஏற்றுக்கொண்டார். பயிற்சி மிகச் சிறப்பு.' அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. கல்பனா சொன்னதைக் காதாரக் கேட்ட அதிகாரபூர்வமான ஆள் நான் ஒருவன்தான். வேறு யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.