திறப்பு விழாவுக்கு வந்த தையல் மிஷின்

"மேடம், பதினோரு மணிக்கு அதிகாரி வர்றாரு. உள்ள ஒரே ஒரு கிரைண்டர்தான் கீது. அதுலயும் கல்லைக் காணோம்" என்றார் துப்புரவு மேற்பார்வையாளர் அன்வர் பாஷா.

உதவிப் பொறியாளர் சுந்தரவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். மயிலாப்பூரின் அந்த வார்டில் இன்று மறுபயன்பாட்டு மையம் திறக்கிறார்கள். வேண்டாத பொருளை ஒருவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதைப் பழுது பார்த்து வைத்தால், தேவைப்படுகிறவர் எடுத்துப் போகலாம். குப்பை குறையும், ஊர் செழிக்கும் என்று சுவரில்கூட எழுதியாகிவிட்டது. பொருள்தான் இல்லை.

ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினாள். "உங்க வீட்ல வேண்டாததையெல்லாம் மையத்துல கொண்டாந்து வைங்க!"

வைத்தார்கள். அரை மணி நேரத்தில் நாறிப்போன மெத்தைகள் கூரை வரை ஏறிவிட்டன. விரிசல் விட்ட ஒரு கழிப்பறைக் கோப்பையும் வந்தது. ஒரு மாமி கணவரையே கையோடு அழைத்து வந்திருந்தார்.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஆத்துல சும்மாதான் உக்காந்துண்டிருக்கார். எடுத்துப்பேளா?"

மாமியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, "பாஷா, மெத்தையை எப்படியாவது காலி பண்ணுங்க!" என்று அலறினாள் சுந்தரவல்லி.

"'இலவசம், எடுத்துக்கலாம்'னு போர்டு மாட்டிடலாம் மேடம்."

மாட்டினார்கள். கூட்டம் புகுந்தது. மெத்தைகள் அப்படியே கிடந்தன. விருந்தினர் நாற்காலிகள், மேசை விசிறி, விழாவுக்கு வைத்திருந்த குத்துவிளக்கு எல்லாம் போயின. கடைசியில் போர்டும் போனது. நல்ல பிளைவுட்.

எதையும் தொடாமல் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் அமீனா பீ.

"என் மிஷின் மழைத் தண்ணில ஊறிப் போச்சும்மா. இங்க தையல் மிஷின் எதுனா வருமா?"

"வரும்மா, இருங்க" என்று சொல்லிவிட்டு, எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று சுந்தரவல்லியே திகைத்தாள்.

பாஷா காதோரம் வந்தார். "திறப்பு விழாவுக்கு சாமான் கொண்டாந்து அடுக்குற லாரி ஒண்ணு கீதாம். பக்கத்து வார்டுல நம்பர் குடுத்தாங்க. போடவா?"

"இன்னும் போடலையா?"

லாரி பறந்து வந்தது. டிரைவர் முருகன் மெத்தைகளைத் தார்ப்பாயால் மூடினான். அதன் முன்னால் பெயின்ட் அடித்த சைக்கிள்கள், பளபளக்கும் மிக்ஸிகள், நடுவில் ஒரு தையல் மிஷின். ரிப்பனும் அவனே கொண்டுவந்திருந்தான்.

அதிகாரி வந்தார், வெட்டினார். "பாருங்க, மக்கள் எவ்ளோ ஆர்வமா கொடுத்திருக்காங்க!" என்று நெகிழ்ந்தார். அமீனா பீயை அழைத்துத் தன் கையாலேயே மிஷினைக் கொடுத்தார். கேமராக்கள் மின்னின. அமீனா பீ அழுதுவிட்டார். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று சுந்தரவல்லிக்கும் கண் கலங்கியது.

கார் தெருமுனை திரும்பியதும் முருகன் மிஷினைத் தூக்கப் போனான். அமீனா பீ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுந்தரவல்லி குறுக்கே பாய்ந்தாள்.

"கையை எடுப்பா! அதிகாரியே அவங்களுக்குக் குடுத்தது அது!"

"அய்ய, வுடுங்க மேடம், வேளச்சேரி விழாவுக்கு நேரமாவுது" என்றான் முருகன். "லாரியை அனுப்புறதே அந்த ஐயாதான். ஒரு மாசமா வார்டு வார்டா இந்த மிஷினைத்தான் குடுத்துக்கினு வர்றாரு!"