என் வேலை நிரந்தரமா என்று கேட்டிருந்தீர்கள்

இங்கிள்வுட், கலிபோர்னியா
ஜூன் 14, 1957, வெள்ளி மதியம்

விஸ்கான்சின் மாநிலம் வெஸ்ட்பி ஊர்ப் பெரியவர் திரு. ஹால்வர் ஸ்டென்ருட் அவர்கள் சமூகத்துக்கு, அவருடைய மகள் மார்னாவை மணக்க அனுமதி வேண்டி நிற்கும் டெல்மர் ப்ரூயிட் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மார்னா என்னைவிட நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், புல் அறுப்பு முடியும்வரை மழை பொறுத்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

"பையனுக்கு வேலை நிரந்தரமா? ஒரே வரியில் பதில் வேண்டும், அதைப் பார்த்துத்தான் என் சம்மதம்" என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கே "ஆம்" என்று எழுதித் தபாலில் சேர்த்திருந்தால் அது கலப்படமில்லாத உண்மையாக இருந்திருக்கும். நல்ல பேனா தேடிக்கொண்டிருந்துவிட்டேன் ஐயா, அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

என் வேலை என்னவென்றால், விமானக் கம்பெனியில் என்ஜினீயர்கள் கொண்டுவரும் கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எண்களாக எழுதுவது. இதை எடு, அதோடு பெருக்கு, அங்கே வை என்று ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண். ஒரு கணக்குக்கு மூன்று வாரம் ஆகும். இந்த வித்தை தெரிந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் பதினெட்டுப் பேர்தான், ஆகவே என்ஜினீயர்கள் எங்களுக்கு டோநட் வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார்கள். அப்படியிருக்க, செவ்வாயன்று மெரிட் ஓல்காட் என்று நியூயார்க்கிலிருந்து ஓர் ஆள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை ஊட்டும் துளையட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து இறங்கினார். இது போர்ட்ரானாம். கணிதத்தில் எழுதுவதுபோலச் சூத்திரத்தை அப்படியே எழுதிக் கொடுத்தால், மீதி எண்களையெல்லாம் மெஷினே எழுதிக்கொள்ளுமாம். எதற்காக இப்படி ஒன்றைச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எழுதி எழுதி சலிச்சுப்போச்சுங்க. ஆறே மாசத்துல முடிச்சிடலாம்னு உக்காந்தோம். மூணு வருஷமா எப்பக் கேட்டாலும் இன்னும் ஆறு மாசம்னு சொல்லிட்டிருந்தோம்" என்றார். இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுபோல எங்கள் மேலாளர் ஹோபர்ட் முன்னால், "மெஷின் எழுதினது என்னுதைவிட வேகமா ஓடிச்சுன்னா நான் அன்னிக்கே வேலைய விட்டுடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஹோபர்ட் உடனே பந்தயம் வைத்துவிட்டார். விமான இறக்கை நடுங்கும் கணக்கை நான் அப்போதுதான் மூன்று வாரம் பாடுபட்டு முடித்திருந்தேன். அதே கணக்கைப் புதிய முறையில் எழுத யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் பதினெட்டுப் பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. பக்கத்து அறையில் மேசைக் கணக்குப்பொறியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த தங்கள் மகள், "நான் எழுதறேன்" என்று எழுந்து வந்தாள். புதன்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தாள், நாலரை மணிக்கு நாற்பத்தேழு அட்டையோடு எழுந்துவிட்டாள். என்னுடையது இரண்டாயிரம் அட்டை ஐயா.

வியாழக்கிழமை, மார்னாவின் அட்டைகளிலிருந்து மெஷின் எழுதிய கட்டளைகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் வரிவரியாகப் பார்த்தேன். பார்த்தால் ஒரு பெருக்கலைக் காணோம். நாலாயிரம் தடவை திரும்பத் திரும்ப ஓடவேண்டிய சுற்று அது, அதற்குள் இருக்கவேண்டிய பெருக்கல் இல்லவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். கரும்பலகையில் பெரிதாக எழுதி எல்லாரையும் கூப்பிட்டேன். மெரிட் வந்து பார்த்து, "இப்படி எழுதச் சொல்லி நாங்க சொல்லவே இல்லையே" என்று முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிநேரம் பென்சிலைக் கடித்தார். பிறகு அவராகவே சிரிக்க ஆரம்பித்தார். பெருக்கல் எங்கும் போகவில்லையாம், சுற்று ஆரம்பிக்கும் முன்னாலேயே மெஷின் அதை ஒரே தடவை செய்து வைத்துவிட்டதாம், ஏனென்றால் அந்த விடை கடைசிவரை மாறப்போவதில்லையாம். மார்னா என் தாள்களைப் புரட்டினாள்.

"ஏன் டெல்மர், நீ இதையே நாலாயிரம் தடவையும் பெருக்கியிருக்கியே?"

"அதான் முறை."

"விடை ஒண்ணுதானே வருது?"

"ஒவ்வொரு தடவையும் சரியா வருதில்ல?" என்றேன். எனக்குக் காது சுட்டது.

ஓட்டிப் பார்த்தார்கள். விடை இரண்டிலும் ஒன்றே. மெஷினுடையது முக்கால் நிமிடம் முன்னால் முடிந்தது. நான் யாரிடம் தோற்றேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை ஐயா. அந்த வரியைத் தான் எழுதவில்லை என்கிறாள் மார்னா. மெரிட்டும் எழுதவில்லை என்கிறார். மெஷினுக்கு எழுதத் தெரியாது, அது எனக்குத் தெரியும், ஆறு வருஷமா அதுக்கு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்கறவனே நான்தானே. தலையும் புரியலை, வாலும் புரியலை. இருந்தாலும் வாக்குத் தவறக் கூடாதென்று இன்று காலை ராஜினாமா கொடுத்தேன். ஹோபர்ட் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு, "போய் வேலயப் பாருப்பா" என்றார். ஆகவே தாங்கள் கேட்ட ஒரு வரி: வேலை நிரந்தரம்.

திருமதி ஸ்டென்ருட் அம்மாளுக்கும், மார்னாவின் அண்ணன்மார் இருவருக்கும், லூதரன் சபைப் பாஸ்டருக்கும் என் மரியாதைகள். ஆண்டவர் தங்கள் முழங்காலையும் மேய்ச்சலையும் ஒருசேரக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
டெல்மர் ப்ரூயிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மணி நாலாகிவிட்டது. ஹோபர்ட் இழுப்பறையைத் திறந்து ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போர்ட்ரானுக்கென்று ஒரு புதுப் பிரிவு வைக்கிறார்களாம், அதற்கு மார்னாதான் தலைவி. ஆகவே மேலே எழுதிய ஒரு வரியை அடித்துவிட வேண்டுகிறேன். "அப்பாவுக்கு எழுது. பையனுக்கு வேலை இல்ல, பொண்ணுக்கு இருக்கு, கல்யாணம் ஆகஸ்டுல" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் கை என் தோள்மேல் இருப்பதால் எனக்கு வருத்தப்படவும் சரியாக வரவில்லை. ஆகஸ்டுவரை நான் சும்மாதான் இருப்பேன். அங்கே வந்து தங்கள் பண்ணையில் பால் கறந்து கொடுக்கிறேன், பொறுமையாகக் கையால் செய்கிற எந்த வேலையும் எனக்குக் கைவரும். அதற்கு இன்னும் மெஷின் எதுவும் வாங்கிவிடவில்லையே? மார்னாவைக் கேட்டால் சிரிக்கிறாளே தவிர, பதில் சொல்லமாட்டேன் என்கிறாள்.