ஏகநாதன் மாதிரி

"பெரியவரே, பயப்படாதீங்க. இப்படி உக்காருங்க. ஒண்ணும் ஆவாது."

காய் வாங்கப் போன இடத்தில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் நம் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஏகநாதனுக்கும் வந்தது. கையில் அரைக்கிலோ கத்திரிக்காய். பீர்க்கன்கரணை மார்க்கெட்டில் காலை ஒன்பது மணிக் கூட்டம் வேறு வேடிக்கை பார்த்தது.

"யாரும்மா நீ? கையை விடு முதல்ல!"

"வுட்டா ஓடிடுவாரு கெசியாக்கா, கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றார் தேங்காய்க் கடைக்காரர். "போன் போட்டியா?"

"போட்டாச்சு. அவரு பொண்ணுதான் எடுத்துச்சு. பாவம், அழுதுகினே பேசுது. எங்கப்பாதான், புடிச்சு வைங்க, வந்துகினே கீறோம்னு சொல்லுது."

ஏகநாதனுக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்தது. அவருக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது.

"எந்தப் பொண்ணு?"

மணிக்கட்டைப் பிடித்திருந்த கெசியா தன் செல்போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஏகநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சிவப்பில் 'காணவில்லை'. கீழே விவரம்: 'பெயர்: ஏகநாதன். வயது 62. மாநிறம். அடர்ந்த மீசை. சற்றே ஞாபக மறதி உள்ளவர். தான் காணாமல் போகவில்லை என்று சாதிப்பார், நம்ப வேண்டாம். கண்டவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும். அதிகம் பகிரவும்.'

"ஐயய்யோ! இது நான் செஞ்ச போஸ்ட்டும்மா! மாதிரிக்குப் போட்டது! நான் காணாமலே போகலை!"

கூட்டம் ஒரு தடவை போனைப் பார்த்தது, ஒரு தடவை அவரைப் பார்த்தது.

"அச்சு அசலா அப்படியேதான் போட்டிருக்கு" என்றார் தேங்காய்க் கடைக்காரர் மரியாதையோடு.

நடந்தது இதுதான். ஏகநாதன் திருமுடிவாக்கத்தில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் தரச் சோதனை பார்த்தவர். மயிரிழை கூடுதலாக இருந்தாலும் தூக்கிக் கடாசிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு கடாச ஒன்றும் கிடைக்காமல், 'ஏரிக்கரை நகர் நலம் விரும்பிகள்' வாட்ஸப் குரூப்புக்குப் போஸ்ட் செய்துகொடுக்கும் வேலையைத் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். விடிந்தால் காலை வணக்கம், செவ்வாய்க்கிழமை மின்தடை, பிறந்தநாளுக்குக் கேக், இறந்தநாளுக்குக் குத்துவிளக்கு. இருநூற்றுப் பதினாறு பேர் தினமும் அவருக்குக் கைகூப்பினார்கள். அந்தக் கைகளில் ஒன்றையும் அவர் நேரில் பார்த்தவர் இல்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் யாரோ ஒருவர் ஆள் காணவில்லை என்று மங்கலான படம் ஒன்றைப் போட்டு, பேர், ஊர் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டார். சங்கச் செயலாளர் ஜீவானந்தம் உடனே ஏகநாதனைக் கூப்பிட்டார். "சார், காணவில்லை போஸ்ட்டுக்கு நல்லதா ஒரு மாதிரி செஞ்சு போடுங்க. அவசரத்துக்கு போட்டோவும் பேரும் மாத்திக்கிட்டா போதும்ங்கிற மாதிரி."

ஏகநாதன் வேறொரு குரூப்பில் வந்த பழைய காணவில்லை போஸ்ட் ஒன்றைப் பிடித்தார். அதில் கோடு போட்ட சட்டையும் அடர்ந்த மீசையுமாக ஓர் ஆள். இடது புருவம் பாதியோடு அறுந்து நிற்கும். அந்த ஆளை வெட்டி எறிந்துவிட்டு அங்கே தன் படத்தை வைத்தார். வேறு யார் படத்தை வைத்தாலும் அபசகுனம் என்று சண்டைக்கு வருவார்களே! பேரை மாற்றினார், வயதை மாற்றினார். மீசை அவருக்கும் இருந்ததால் அந்த வரியையும், மாதிரிக்குத்தானே என்று மற்ற வரிகளையும் அப்படியே விட்டார். நேற்றுச் சாயங்காலம் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே தனி வரியாக 'இது மாதிரி மட்டுமே' என்றும் எழுதினார்.

ஜனங்கள் படத்தை மட்டும் பகிர்ந்தார்கள். வரி குரூப்பிலேயே தங்கிவிட்டது. அடியில் இருந்த பழைய போன் நம்பரை அவர் மாற்றவே இல்லை. மயிரிழையைப் பார்த்த மனுஷனுக்குப் பத்து இலக்கம் கண்ணில் படவில்லை பாருங்கள்!

கத்திரிக்காயைக் கெசியாவின் காலடியில் உருட்டிவிட்டு, அவள் குனிந்த நேரம் பார்த்து ஏகநாதன் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து ஓட்டம் பிடித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் மூச்சு அடங்கவில்லை. அந்த நம்பரில் போனை எடுத்து அழ வேண்டிய அவசியம் எவளுக்கு இருக்கிறது? படத்தில் தன் அப்பா இல்லை என்று பார்த்தாலே தெரியாதா?

முதலில் தப்பைத் திருத்துவோம் என்று உட்கார்ந்தார். 'மாதிரி' என்ற சொல் படத்துக்கு உள்ளேயே இருந்தால் பிரிந்து போகாது அல்லவா? பேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே கொட்டை எழுத்தில் 'மாதிரி' என்று போட்டு, "தயவுசெய்து பழையதை விட்டு இதை மட்டும் பகிரவும்" என்று அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் படித்தார்.

'பெயர்: ஏகநாதன் மாதிரி.'

பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டு அருள்மேரி வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கேட்டைத் திறக்கவில்லை.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏகநாதன் சாரா, இல்ல ஏகநாதன் மாதிரியா?"

"என்ன அருள்மேரி இது! பதினோரு வருஷமா எதிர்ல இருக்கேன்!"

"அதான் சார் பேஜாரா கீது. சார் மாதிரியே ஒருத்தர் சுத்திகினு கீறாராம். சார் வூட்டுக்குள்ளயே பூந்தாலும் பூந்துருவாருன்னு பேசிக்கிறாங்க. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க வூட்டு நாய் பேரு இன்னா?"

ஏகநாதன் அவள் பின்னால் நின்ற நாயைப் பார்த்தார். அந்த நாய் பதினோரு வருஷமாக அவரைப் பார்த்து வாலாட்டுகிறது. அதன் பிறந்தநாளுக்கு அவரே கேக் போஸ்ட் செய்திருக்கிறார். பேர் மட்டும் வரவில்லை.

"டாமி?"

அருள்மேரி இரண்டடி பின்னால் போனாள்.

ஓடிப்போய் ஆதார் அட்டையை எடுத்து வந்து கேட்டின் கம்பிக்கு இடையே நீட்டினார். அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆதார்ல யாரு சார் அவங்க மாதிரி இருக்காங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ஒரு சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டாள். "கோச்சுக்காதீங்க. சாரோட வூடு. சார் வர்ற வரைக்கும் பத்திரமா இருக்கணும்ல?"

ஏகநாதன் குரூப்பில் எழுதினார்: 'நான்தான் உண்மையான ஏகநாதன். என் வீட்டில்தான் இருக்கிறேன். நான் காணாமல் போகவில்லை.'

பதில்கள் மளமளவென்று விழுந்தன. 'அதேதான் சொல்றார் பாருங்க.' 'ஐயோ, சார் போனும் அந்த ஆள் கைக்குப் போயிடுச்சு.' 'அப்போ நம்ம ஏகநாதன் சார் எங்கே?' கடைசியாக ஜீவானந்தம் பாதுகாப்பு கருதி அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினார். நீக்கிய கையோடு ஏகநாதன் சாரைக் காணவில்லை என்று புதிதாக ஒரு போஸ்ட்டும் போட்டார் என்று பிறகு தெரிந்தது. மாதிரி கைவசம் இருந்ததால் இரண்டே நிமிஷத்தில் முடிந்ததாம்.

உடனே மனைவி கீதாவைப் போனில் கூப்பிட்டார். அவள் விழுப்புரத்தில் தங்கை வீட்டு விசேஷம் முடிந்து ரயில் ஏறியிருந்தாள்.

"கீதா, நான்தான்."

"எந்த நான்?" அவளுக்கும் போஸ்ட் போய்ச் சேர்ந்திருந்தது. "நேத்து நான் போன்ல அரைமணி நேரம் பேசினேனே, என்ன சொன்னேன்? சொல்லுங்க பார்ப்போம்."

நேற்று அவள் பேசும்போது அவர் காணவில்லைக்கு எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "ம்... ம்..." என்று மட்டும் சொன்னது நினைவிருந்தது.

"தெரியலை கீதா."

"அப்போ நீங்கதான்" என்றாள் கீதா. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இங்க பாருங்க, ரெண்டு மணிக்கு நான் தாம்பரத்துல இறங்கிடுவேன். அதுவரைக்கும் வீட்டை விட்டு எங்கேயும் போகாதீங்க. யார் வந்து கூப்பிட்டாலும் போகாதீங்க. புரியுதா?" அத்தோடு சிக்னல் அறுந்தது.

மணி பன்னிரண்டரை. ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பார். சும்மா இருக்கிற ஜாதியா அவர்?

தெருமுனையில் கெசியாவும் தேங்காய்க் கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் வீடு வீடாக விசாரித்து வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஏகநாதனின் தரச் சோதனை மூளை வேலை செய்தது. போஸ்ட்டில் என்ன இருக்கிறது? அடர்ந்த மீசை. அளவு ஒத்துப்போகவில்லை என்றால் அது நம்ம சரக்கே இல்லை! நாற்பது வருஷ மீசையை ஐந்து நிமிஷத்தில் மழித்தெறிந்தார். கண்ணாடியைப் பார்த்தார். மீசை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை. தன்னைப் போலவே இருந்த யாரோ ஒருவர் உள்ளேயிருந்து அவரை முறைத்தார்.

வெளியே வந்து, "பாருங்க! மீசை இல்லை! நான் அந்த ஆள் இல்லை!" என்று கேட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

அருள்மேரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க ஏகநாதன் சார் உசிரே போனாலும் மீசைய எடுக்கமாட்டாரு. இது அந்த 'மாதிரி'யேதான்!"

ஒன்றேகால் மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. சத்தமே இல்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். நல்ல கைத்தறிப் புடவை, நெற்றியில் விபூதி, முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஜீவானந்தமே முன்னால் நின்று வரவேற்றார்.

"சுப்புலட்சுமிங்க. நீங்க எல்லாரும் பண்ணின உதவியை மறக்கவே மாட்டோம்" என்று கைகூப்பினாள். பிறகு கேட்டருகே வந்து ஏகநாதனைப் பார்த்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன. பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அப்பா" என்றாள்.

"அம்மா, நீ யாரும்மா? உங்கப்பா போட்டோவை வெட்டிட்டு நான்தான் என் போட்டோவை வச்சேன். மாதிரிக்கு வச்சேன்மா. நம்பரை மாத்த மறந்துட்டேன். நல்லாப் பாரு, நான் உங்கப்பா இல்லை."

"இல்லைதாம்பா. சரிப்பா. வாங்கப்பா" என்றாள் அவள், குழந்தையிடம் பேசுவது போல. "எப்பவும் இப்படித்தாங்க சொல்வார்" என்று தெருவைப் பார்த்தாள். தெரு உச்சுக்கொட்டியது.

அவள் பையிலிருந்து சட்டை ஒன்றை எடுத்தாள். கோடு போட்ட சட்டை. அவருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

"கீதாவைக் கேளுங்க! ஜீவானந்தம் சார், என் மனைவிக்கு ஒரு போன் போடுங்க!"

ஜீவானந்தம் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. "சார் வீட்டம்மா பேரெல்லாம் கூட தெரிஞ்சு வச்சிருக்கார்" என்று அவர் கவலையோடு தலையாட்டினார்.

பூட்டுத் திறந்தது. நாலு கைகள் மிக மிக அன்போடு ஏகநாதனைத் தூக்கின. செருப்புக்கூட யாரோ மாட்டிவிட்டார்கள். அவர் வாசல் தூணைப் பிடித்தார். அருள்மேரி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "போங்க ஐயா, பெத்த பொண்ணு அழுவுது பாருங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நாய் மட்டும் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வாலாட்டியது. "டேய் ஹீரோ, வாடா இந்தாண்ட" என்று அதைக் கூப்பிட்டாள்.

ஹீரோ! பேர் இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

"எல்லாரும் இப்படிப் பாருங்க" என்று ஜீவானந்தம் ஒரு படம் எடுத்தார். 'மகிழ்ச்சிச் செய்தி! கிடைத்துவிட்டார்! பகிர்ந்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி!' என்று ரோஜாப்பூ போட்ட போஸ்ட் ஒன்று குரூப்பில் தயாராக இருந்தது. அதையும் போன வருஷம் ஏகநாதன்தான் செய்து வைத்திருந்தார்.

வேன் கதவு சாத்திக்கொண்டது. முன் சீட்டில் உட்கார்ந்த சுப்புலட்சுமியின் போன் அடித்தது. அவள் குரல் உடனே தழுதழுத்தது.

"மாடம்பாக்கமாங்க? ஆமாங்க, எங்கப்பாதான். புடிச்சு வைங்க. வந்துட்டே இருக்கோம்."

ஏகநாதன் மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார். ஜன்னலோரம் கோடு போட்ட சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீசை மழித்த இடம் வெள்ளையாக ஒரு பட்டை. இடது புருவம் பாதியோடு அறுந்து நின்றது. நேற்றுச் சாயங்காலம் தன் கையாலேயே வெட்டி எறிந்த முகம்.

அந்த மனிதர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நல்லா உக்காருங்க சார்" என்றார் அவர், யாருக்கும் கேட்காதபடி. "நானும் சேலையூர் குரூப்புக்கு மாதிரிக்குத்தான் என் போட்டோவப் போட்டேன்."