கீழே மூன்றா, ஐந்தா?

"கீழ அஞ்சு வரணும்ப்பா. நீ மூணு போட்டுகினு கீற," என்றாள் சுவேதா.

செல்வகுமாருக்குச் சுருக்கென்றது. பட்டாபிராமிலேயே பெரிய கணக்குப் புலி என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர் அவர். ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்கு 5/(2+i) என்ற கலப்பெண் பின்னத்தைச் சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மேலும் கீழும் (2−i) ஆல் பெருக்கியது வரை சரி. அப்புறம் கீழே நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று என்று முடித்துவிட்டார்.

"அஞ்சுன்னு யார் சொன்னது?"

சுவேதா கொஞ்சம் தயங்கினாள். "வித்யா மிஸ்."

"உங்க மிஸ்ஸுக்கு இன்னா தெரியும்?"

அதோடு விட்டிருக்கலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், 'கணக்கு டீச்சர் தப்பா சொல்லித் தர்றாங்க' என்று போட்டும் விட்டார். சுவேதா நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் ரயில் ஆவடியைத் தாண்டும்போதுதான், i-ஐ i-ஆல் பெருக்கினால் மைனஸ் ஒன்று என்பது அவருக்கு நினைவு வந்தது. மைனஸ் ஒன்றைக் கழித்தால் கூடத்தானே செய்யும்? ஐந்தேதான்.

போட்டதை அழித்தார். உடனே குழுவிலிருந்த முனியன் போன் செய்தான்.

"இன்னா மாமே, ஸ்கூல்ல மிரட்டினாங்களா?"

"இல்ல மச்சான். அஞ்சுதான் கரீட்டு."

"நீ பயப்படாத. நாங்க கீறோம்."

பதறிப்போய், 'ஐந்துதான் சரி, மன்னிக்கவும்' என்று குழுவில் போட்டார். மனுஷனை மிரட்டி எழுத வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, முனியன் தலைமையில் ஒரு கூட்டமே பள்ளிக்குக் கிளம்பிவிட்டது. வித்யா தற்காலிக ஆசிரியை. இவ்வளவு கலாட்டாகூட வேண்டாம், ஒரு புகார் வந்தாலே வேலை போய்விடும்.

ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று செல்வகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்து வந்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து, பள்ளிக்கு ஓடினார். தலைமையாசிரியர் அறையில், அத்தனை பேர் முன்னால், தப்பு தன்னுடையது என்று அங்கிருந்த கரும்பலகையில் கணக்கைப் போட்டே காட்டினார். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

வராந்தாவில் வித்யாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க மிஸ். நீங்க சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு."

வித்யா கையை ஆட்டி மறுத்தாள்.

"அந்தப் பாடத்தையே நான் இன்னும் நடத்தல சார். தானே போட்டதா சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் சுவேதா என் பேரைச் சொல்லியிருக்கா."