உணர்ச்சியில்லாமல் வாசிக்கவும்

சூசனின் புருவம்தான் காட்டிக்கொடுத்தது. சரியான விடையை வாசிக்கும்போதெல்லாம் அது மேலே ஏறியது. கூடவே குரலும் ஏறியது. மாதிரித் தேர்வைப் பார்க்க வந்திருந்த கண்காணிப்பாளர் அம்மா பேனாவை மூடினார்.

"இது வாசிப்பதல்ல, விடை சொல்வது" என்றார் ஆங்கிலத்தில். "வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். அப்போதும் இப்படித்தான் என்றால் இந்தப் பெண்ணுக்கு வாசிப்பாளர் கிடையாது."

அந்தப் பெண் ரோசாலி. காதால் கேட்டால் எதையும் பிடித்துக்கொள்வாள். அச்சிட்ட பக்கத்தில் தடுக்கி விழுவாள். மூன்றாவது வார்த்தையில் அவள் தடுமாறும்போதே சூசன் மிச்சத்தை வாசித்துவிடுவாள். அதனால் அவள் ஒரு பக்கத்தைத் தானாகப் படித்து முடித்ததை யாரும் பார்த்ததில்லை. கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்துவிட்டது. வாசித்துக் காட்ட ஓர் ஆள் கிடைக்காவிட்டால் கல்லூரியே இல்லை என்பது சூசனின் முடிவு.

வியட்நாமில், பூ மி ஹங் பகுதியின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சூசனின் வாசிப்பு மையம் இருந்தது. கீழ்த்தளத்துக் கம்பெனியில் இக்னாஸ் கணக்கு பார்த்தான். காரைக்கால்காரன். மழைக்காலத்தில் மனைவி எலென் இறந்தாள். அதன் பிறகு அவன் பேசுவது லிஃப்ட் மாடி எண் சொல்வதுபோல் இருந்தது.

"இக்னாஸ், உங்க குரல் வேணும்" என்றாள் சூசன்.

"எதுக்கு?"

"அதுல ஒண்ணுமே இல்லை, அதுக்குத்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. கோபமும் அவனிடம் இல்லை.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

முதல் ஒத்திகையில் இரண்டாவது பத்தியிலேயே ரோசாலி தூங்கிவிட்டாள்.

"அங்கிள், நீங்க ஆஸ்பத்திரில சேரலாம். மயக்க ஊசி மிச்சம்."

"ஆஸ்பத்திரில நிறைய இருந்தாச்சும்மா" என்றான் இக்னாஸ்.

ரோசாலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் தூங்காமலிருக்க சூசன் ஏசியைக் குளிர வைத்தாள். ரோசாலி விழித்திருந்தாள். இக்னாஸுக்குச் சளி பிடித்தது. அடுத்த நாள் வாசிக்கும்போது தும்மினான். ரோசாலி உடனே ஒரு விடையைக் குறித்தாள். தவறான விடை.

"ஏன் அதைக் குறிச்சே?"

"அங்கிள் அங்கதானே தும்மினாரு மிஸ்? நீங்க புருவம் தூக்குறாப்பல அவரு தும்முறாருன்னு நெனச்சேன்."

சூசன் சளி மாத்திரை கொடுத்தாள். மறுநாள் வாசிப்பவனே தூங்கிவிட்டான். சூசன் கதவைத் திறந்தபோது அவன் மேஜைமேல் தலை வைத்திருந்தான். முதுகில் ரோசாலியின் ஜாக்கெட்.

"பரீட்சை யாருக்குடி?"

"மெதுவா பேசுங்க மிஸ். தூங்கி ரொம்ப நாளாச்சு போல."

இக்னாஸ் எழுந்து மன்னிப்புக் கேட்டான்.

"காலையில ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்றாள் சூசன்.

"ரெண்டு குடிக்கிறேன்."

"எதுக்கு ரெண்டு?"

தெருமுனையில் காபி வண்டிக்கார அம்மா தினமும் "ஹாய் லி?" என்று கேட்கிறாள். இரண்டு கிளாஸா என்று அர்த்தம். அவன் தலையாட்டுகிறான். ஒன்று போதும் என்றால் ஏன் என்று கேட்பாள். அதனால் எலெனுடையதையும் அவனே குடித்துவிடுகிறான். இதை அவன் மாடி எண் சொல்லும் குரலிலேயே சொன்னான்.

"அப்ப மாத்திரையை நிறுத்திடுங்க" என்றாள் சூசன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் வந்தார். சூசனையும் அவள் புருவத்தையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தார்.

முதல் பத்தி தேனீக்களைப் பற்றியது. இக்னாஸ் வாசித்ததில் தேனீக்கள் செத்தே போயிருக்கும். கண்காணிப்பாளர் திருப்தியோடு தலையாட்டினார்.

இரண்டாவது ஒரு கதை. "ரயில் நிலையக் கடையில் அந்த மனிதர் வழக்கம்போல் இரண்டு காபி வாங்கினார். இப்போது அவர் ஒருவர்தான்" என்று வாசித்தான். நின்றான்.

வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே சூசன் 'வாசிங்க, வாசிங்க' என்று கையாட்டினாள். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்ததும் அவள் இரண்டு புருவங்களையும் கையால் மூடிக்கொண்டாள். ரோசாலி இக்னாஸை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, வரியின்மேல் விரலை வைத்துக் குனிந்துகொண்டாள். நேரம் முடியும்வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை.

கண்காணிப்பாளர் தாளை அங்கேயே திருத்தினார். திருத்தத் திருத்த முகம் இறுகியது. சூசனை உள்ளே கூப்பிட்டார்.

"இவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் அந்தக் கதையின் கேள்விகளுக்கெல்லாம் விடை சரி. அந்த மௌனத்தில் ஏதோ சைகை இருக்கிறது. வாசிக்காத கதை இவளுக்கு எப்படித் தெரியும்?"



"சைகை இல்லை!" என்றான் இக்னாஸ். குரல் உடைந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அது ஏறி இறங்கியது இதுதான் முதல்முறை. "என்னால முடியலை, அவ்வளவுதான். அவளைத் தண்டிக்காதீங்க."

ரோசாலி கண்காணிப்பாளரைப் பார்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்க நிறுத்தினதுக்கு அப்புறம் கதை மோசமில்லை. அந்த ரெண்டாவது காபியை அவரு கடைக்கார அம்மாவுக்கே குடுத்துடுறாரு."