நூற்றுப் பதினாலு கிலோ

1979 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு, புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்குப் போகும் சாலையில், ஓடும் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையிலிருந்து பொலெத் அரை அடி உயரம் எழும்பித் திரும்ப உட்கார்ந்தார்.

ஒரே பள்ளம்தான். வண்டி மூன்று முறை குதித்தது.

"நிறுத்துங்க," என்றார். கணவர் ரேமோன் நிறுத்தினார்.

"அடுத்த ஞாயிறு நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாள் பூசை. இன்னொரு தடவை இது என்னைத் தூக்கிப் போட்டுச்சு, நான் ரிக்‌ஷாவுல போயிடுவேன். நீங்க தனியா இதுல வாங்க."

ரேமோன் பிரெஞ்சுப் படையில் இருபத்தைந்து ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்து போன இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மணலிலும் தார் ரோட்டிலும் ஓடக்கூடிய இந்த வண்டியைக் கப்பலில் வரவழைத்ததே, பொலெத்தைப் பின்னால் உட்கார வைத்து மாதா கோயில் வாசலில் போய் இறங்கத்தான்.

மறுநாள் மெக்கானிக் பக்கிரி வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார்.

"ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் இருக்கு முசியே. அமுங்கின ஸ்பிரிங் சட்டுனு எழும்பிடுது. அதை அடக்கத்தான் மேல இந்த வளையம். ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் இருக்கு. எதுல வைக்கணும்?"

ரேமோன் பிரெஞ்சுக் கையேட்டைத் திறந்தார். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவர் எடையையும் கூட்டச் சொன்னது அட்டவணை. நூற்று இருபது கிலோ வரை ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு பதினைந்து கிலோவுக்கும் ஓர் எண் கூடும்.

"நான் அறுபத்திரண்டு. டாக்டரே எழுதிக் குடுத்தது. நீ?"

"அம்பத்திரண்டு," என்றார் பொலெத்.

"நூத்திப் பதினாலு. ஒண்ணுல வை."

"ஒண்ணுலதானே முசியே இருக்கு!"

மூவரும் வளையத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆண்கள் இருவரும் பொலெத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல மதாம். ரெண்டுல வைக்கணும்னா நீங்க அம்பத்தெட்டுக்கு மேல..."

"யாரு அம்பத்தெட்டு?"

வளையம் ஒன்றிலேயே இருந்தது. மதியம் மீன் குழம்பு வந்தது, மீன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேமோன் பொலெத்துக்குத் தெரியாமல் வளையத்தை மூன்றுக்குத் திருப்பினார். கடற்கரைச் சாலையின் இந்த முனையில் தொடங்கிய பேச்சை அந்த முனைவரை பொலெத் எங்கும் நிறுத்தவில்லை.

"இப்பதான் வண்டி மாதிரி இருக்கு," என்று இறங்கியவர், குனிந்து வளையத்தைப் பார்த்தார். இருபது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்.

"மூணு. நூத்தி முப்பத்தஞ்சுல அறுபத்திரண்டு போனா எழுபத்திமூணு. என்னை எழுபத்திமூணு கிலோன்னு ஊரெல்லாம் ஓட்டிக் காமிச்சிருக்கீங்க!"

"வளையத்தை யார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"பக்கிரி பாக்க மாட்டானா?"

ரேமோன் வளையத்தை ஒன்றுக்கே திருப்பினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது.

வியாழக்கிழமை, பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு சாக்கடை மூடி மேல் வண்டி ஏறி இறங்கியது. பொலெத்தின் செருப்பு ஒன்று ரோட்டிலேயே தங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமைக்கு ரிக்‌ஷா சொல்லிடுங்க," என்றார். "அதுக்கு முன்னாடி இங்க ஒரு வேலை இருக்கு."

ஒற்றைச் செருப்போடு நேராக உருளைக்கிழங்கு மண்டிக்கு நடந்தார். அங்கே மேடைத் தராசில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தவர் ஆதிமூலம்.

"தம்பி, அந்த மூட்டையை இறக்கு. என்னை நிறு."

அவர் ஏறி நிற்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆதிமூலம் முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "அம்பத்திரண்டு!"

"அவ்வளவுதானா? நல்லா சாப்பிடுங்கம்மா," என்றாள் பூ விற்கும் அன்னக்கிளி.

ரேமோன் தராசை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இதுல கோளாறு இருக்கு."

"காலையிலேர்ந்து நாப்பது மூட்டை நிறுத்திருக்கேன். ஒரு மூட்டையும் இப்படிச் சொல்லல."

"சரியான எடை எதுன்னு நான் காட்டறேன்." ரேமோன் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி, விறைப்பாக நின்றார். "அறுபத்திரண்டு காட்டுதா பாரு."

ஆதிமூலம் தராசுக் கம்பியில் எடைக் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். பிறகு குனிந்து பெரிய குண்டு ஒன்றை எடுத்து மாட்டினார்.

"தராசு சரியாத்தான் இருக்கு முசியே. நீங்கதான் தொண்ணூத்திரண்டு."

டாக்டர் அறுபத்திரண்டு என்று எழுதியது 1951-இல், ரேமோன் படையில் சேர்ந்த அன்று. பிப்ரவரி 18 பூசைக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். வளையம் மூன்றில் இருந்தது.